இதயத்தின் ஓப்பனிங் பேலன்ஸ்

இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம், நீளமும் அதிகம். பி.காம். படிக்கிற பெண்ணுக்கு இதயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு தகுதியும் இல்லை :-) ஆனால் இதில் பாதிக்கு மேல் பதிவேடுகளின் கதை. யாரோ ஒருவர் நோட்டில் எழுதி வைத்த எண்களை அறுபது எழுபது வருடம் கழித்து வேறு யாரோ எடுத்துக் கூட்டிப் பார்த்த கதை. அந்த அளவுக்கு எங்கள் டிபார்ட்மென்ட் விஷயம்தான்.

2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வயது 49. பெரிய கடை வீதியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பீடி, சிகரெட் கிடையாது, குடி கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு போர்ஷனில் இருக்கிறோம். அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டி பதினைந்து வருடம் சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வந்தவர். கல்யாண ஆல்பத்தில் பார்த்தால் ஒல்லிக்குச்சியாக இருப்பார். மொபெட் வாங்கியதும் தொப்பையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் படிவம் நிரப்பினார். புகை? இல்லை. மது? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்? இல்லை. சர்க்கரை? தெரியாது. (இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எம்புள்ள வயித்துல இருக்கயிலயே பட்டினிடி பாப்பா. அதான் இப்ப வந்து நெஞ்சுல நிக்குது."

எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. டாக்டர் ரத்தக்குழாய் அடைப்பு என்கிறார், இவர் அரை நூற்றாண்டுப் பழைய பட்டினியைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அப்பா ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். அப்பாயி சொன்னதை உலகத்தில் சிலர் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் சொன்னவர்களில் ஒருவர் ஆண்டர்ஸ் ஃபோர்ஸ்டால். நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்ற ஏழை மாவட்டத்தில் டாக்டராக இருந்தவர். அங்கே இதய நோயில் இறப்பவர்கள் மிக அதிகம். பணக்காரர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பு எத்தனை சிசுக்கள் இறந்தன என்ற கணக்கை எடுத்து, அதே தலைமுறை நடுவயதில் இதய நோயால் இறந்த கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. 1977-ல் கட்டுரையாக வெளியிட்டார். சிறு வயதில் கடும் வறுமை, பிறகு வசதி, இந்த இரண்டும் ஒருவருக்கு அடுத்தடுத்து நேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து என்பது அவருடைய ஊகம். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தவர் டேவிட் பார்க்கர், இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன். 1986-ல் இவரும் கிளைவ் ஆஸ்மண்டும் இதே மாதிரி ஒரு வரைபடம் போட்டார்கள். 1921-25-ல் குழந்தைகள் அதிகம் இறந்த பகுதிகள் எவையோ, பெரும்பாலும் அவையே 1968-78-ல் இதய நோய் மரணத்திலும் முன்னால் நின்றன. ஆனால் இதெல்லாம் ஊர்க் கணக்கு. ஆள் கணக்கு வேண்டும். இன்ன தேதியில் பிறந்த இன்னார், பிறந்தபோது எடை இவ்வளவு, இறந்தது இதனால் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். அறுபது வருடத்துக்கு முந்தைய குழந்தைகளின் எடையை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

ஒரு பெண் எழுதி வைத்திருந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான். எதெல் மார்கரெட் பர்ன்சைட், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் மருத்துவச்சிகளை மேற்பார்வை செய்தவர். 1911 முதல் அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும் குறிக்க ஏற்பாடு செய்தார். செவிலியர்கள் வீடு வீடாகப் போவார்கள். பிறந்தபோது எடை, ஒரு வயதில் எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதெல்லாம் பெரிய லெட்ஜரில் ஏறும். அவருக்கு இதய நோய் பற்றி எந்த எண்ணமும் இருந்திருக்காது. பிறக்கும் குழந்தைகள் சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் கழித்து பார்க்கரின் குழு அந்த லெட்ஜர்களைக் கண்டெடுத்தது.

1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களைத் தேடிப் பிடித்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதில் 18 பவுண்டு (சுமார் 8 கிலோ) அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களின் இதய நோய் மரண விகிதம், 27 பவுண்டுக்கு (சுமார் 12 கிலோ) மேல் இருந்தவர்களுடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு வயதுக் குழந்தையின் தராசு முள் அறுபது வருடம் தள்ளி நடக்கப்போவதைக் கொஞ்சம் காட்டிக்கொடுத்திருக்கிறது. அக்கவுண்டன்சி முதல் வகுப்பில் ஓப்பனிங் பேலன்ஸ், அதாவது ஆரம்ப இருப்பு, தப்பாக இருந்தால் வருடக் கடைசி வரை கணக்கு நேராகாது என்று சொல்லித் தருவார்கள். அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, வெள்ளைக்காரர்கள் கதை போதும், நம் பக்கம் வருவோம். பிறந்த குழந்தையை ஒழுங்காக எடை போட்டு எழுதி வைத்த இடம் தென்னிந்தியாவிலும் ஒன்று இருந்தது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் பதிவேட்டில் இருந்தன. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த கரோலின் ஃபால் உள்ளிட்டவர்கள் மைசூர் டாக்டர்களோடு சேர்ந்து, அங்கே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். கிடைத்தவர்கள் 517 பேர். 1996-ல் வந்த முடிவு இது: பிறக்கும்போது இரண்டரை கிலோவும் அதற்குக் குறைவும் இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய். 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம்.

இதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்றால் எங்கேயோ. மைசூர் என்றால் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் இறங்கும் ஊர். அங்கிருந்து வரும் தண்ணீரில்தான் இங்கே பயிர் விளைகிறது.

இது எப்படி நடக்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் திட்டாமல் திருத்தவும். கருவில் இருக்கும் குழந்தைக்கு வருகிற உணவு போதவில்லை என்றால் முதலில் மூளைக்குக் கொடுத்துவிட்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. அப்போது குறைவாக அமைந்துவிட்டால் குறைந்ததுதான், பின்னால் ரத்த அழுத்தம் ஏற அது ஒரு காரணம். எங்கள் பாஷையில் ஃபிக்சட் அசெட். கூட்ட முடியாது, தேய்மானம் மட்டும் எழுதலாம். ரத்தக்குழாய்ச் சுவருக்கு ரப்பர் போன்ற தன்மையைக் கொடுக்கும் பொருளும் பெரும்பாலும் கருவிலும் சின்ன வயதிலும்தான் சேர்கிறது. தசை குறைந்து பிறந்த உடம்புக்குச் சர்க்கரையைச் செலவழிக்கும் இடமும் குறைவு.

புனேயில் டாக்டர் யாஜ்னிக்கின் குழு இன்னொன்றைக் கவனித்தது. அங்கே கிராமங்களில் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் நன்றாகவே சிறுத்திருந்தன, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே குண்டு.

பட்டினி மட்டும்தான் காரணமா என்றால், அங்கேதான் கதை திரும்புகிறது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு பட்டினிகள். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவு வழியை அடைத்ததில் மேற்கு ஹாலந்தில் ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன். அந்தச் சமயம் கருவின் ஆரம்ப மாதங்களில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது 8.7 சதவீதம் பேருக்கு இதய நோய், பட்டினி படாத கருக்களில் 3.2 சதவீதம். ஆனால் 1941 முதல் 1944 வரை முற்றுகையில் கிடந்த லெனின்கிராட் நகரில் கருவாக இருந்தவர்களைச் சோதித்தபோது சர்க்கரை விஷயத்தில் அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன்? ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்: ஹாலந்தில் 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சாப்பாடு மளமளவென்று வந்துவிட்டது. லெனின்கிராடில் முற்றுகை முடிந்த பிறகும் வெகுநாள் பற்றாக்குறைதான், குழந்தைகள் வேகமாக எடை போட வழியே இல்லை. பற்றாக்குறைக்காகத் தயாரான உடம்பில் பிற்பாடு வேகமாகச் சதை ஏறுவதுதான் சிக்கல்.

டெல்லியில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1969-72-ல் பிறந்த குழந்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்களில் சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் பரிசோதித்து 2004-ல் முடிவு சொன்னார்கள். சர்க்கரை வந்தவர்கள், வரப்போகிறவர்கள் எல்லாம் இரண்டு வயது வரை மெலிந்திருந்து அதற்குப் பிறகு நிதானமாகச் சதை போட்டுக்கொண்டே வந்தவர்கள். பன்னிரண்டு வயதில் பார்த்தால் யாரும் குண்டுப் பிள்ளைகள் இல்லை. நம் வேலூரிலும் சி.எம்.சி. மருத்துவமனை 1969-73-ல் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களை இப்படித் தொடர்ந்து பார்த்தது. அங்கேயும் அதே சாயல்தான்.

ஒல்லிக்குச்சி, மொபெட், தொப்பை. அப்பாவின் ஆல்பத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் கூட்டத்தின் கணக்கு. என் அப்பாவின் மாரடைப்புக்கு 1975-தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. நன்றாகத் தின்று வளர்ந்தவர்களுக்கும் வருகிறது, பட்டினியில் பிறந்து தொண்ணூறு வயது வரை இருப்பவர்களும் ஊருக்கு நாலு பேர் உண்டு (அப்பாயியே ஒருவர் ஆகிவிடுவார் போலிருக்கிறது). புகை, உப்பு, உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் நிரப்புகிற படிவத்தில் பிறந்த எடைக்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பது உறுத்துகிறது.

வறுமை இதயத்துக்குள் போவதற்கு இன்னொரு நேர்வழியும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் சுலபமாகத் தொற்றும். சரியாக மருந்து கொடுக்காவிட்டால் சிலருக்கு அது மூட்டு வலியாக மாறி, இதய வால்வைச் சிதைத்துவிட்டுப் போகும். ஐந்து முதல் பதினைந்து வயதில் வருவது, கல்யாணமாகிப் பிரசவத்தின்போது மூச்சுத் திணறலாக வெளியே தெரியும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் தடுக்கலாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த ஊசிக்காக மாதாமாதம் வரிசையில் நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று தெரியாமல்.

இனி எங்கள் ஊர். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓடும் ஊர், நெல் விளையும் ஊர், இங்கே என்ன பட்டினி என்று வெளியூர் நண்பர்கள் கேட்கலாம். நெல் விளைந்தது உண்மை, யார் வீட்டுக் குதிருக்குப் போனது என்பதுதான் கேள்வி. அப்பா பிறந்தது லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாயி நடவு நடப் போகும் கூலிக்காரி. 1975-ஐப் பற்றிக் கேட்டேன்.

"காவேரில தண்ணி வராத வருசம்டி அது. நடவும் இல்ல, கூலியும் இல்ல. ஒரு வேளை குருணைக் கஞ்சி. இருக்கறப்பவும் வயிறு முட்டத் தின்னக் கூடாதும்பாக. புள்ள பெருத்துட்டா பெக்க முடியாதுன்னு."

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தென்னிந்தியாவில் பல இடங்களில் இருந்த பழக்கம்தான் இது. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும்போது பெரிய குழந்தை என்றால் தாய்க்கு உயிர் ஆபத்து. அந்தக் காலத்துக்கு அது மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கான விலை இன்னொரு பக்கத்தில் ஏறியிருக்கிறது. அப்பா வீட்டில் பிறந்தார், மருத்துவச்சி பார்த்த பிரசவம். எடை போடவில்லை. பர்ன்சைட் மாதிரி ஒருத்தர் எங்கள் கிராமத்துக்கு வரவில்லை.

அப்பாவின் பெயர் முதன்முதலில் ஏறிய பதிவேடு பள்ளிக்கூடத்துடையது. அதற்கு அடுத்தது, சத்துணவு.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் திருச்சியில்தான் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1982 ஜூலை 1, பாப்பாக்குறிச்சி. திருவெறும்பூர் பஸ்ஸில் போனால் காட்டூர்ப் பக்கம். அப்போது கிராமம், இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. முதலில் கிராமப்புறங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையான குழந்தைகளுக்கு, அந்த செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-ல் பதினைந்து வயது வரைக்கும். 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். வருடத்துக்கு 100 கோடிக்கு மேல் செலவு.

பள்ளியில் சோறு போடுவது அதற்கும் முந்தைய யோசனை. 1920-ல் நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது, ஒரு மாணவனுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். சத்துணவின் வித்தியாசம் அளவும் வயதும். இரண்டு வயதிலேயே தொடங்கியது.

எம்.ஜி.ஆரின் சொந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1917-ல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, படிப்பை விட்டு நாடக கம்பெனிக்குப் போனவர். பசி தெரிந்ததால்தான் இந்தத் திட்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்த கஞ்சியை நினைவுகூர்ந்திருக்கிறார். 1984-ல் சிறுநீரகம் பழுதானது, பக்கவாதம் வந்தது, 1987 டிசம்பர் 24-ல் மாரடைப்பில் இறந்தார். காமராஜரும் ஆறு வயதில் தகப்பனை இழந்து பள்ளியைப் பாதியில் விட்டவர், 1975 அக்டோபர் 2-ல் மாரடைப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கட்டுரையை அழகாக முடித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். ஆனால் இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இருவருமே எழுபதைத் தாண்டி வாழ்ந்தவர்கள் வேறு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் பேப்பரைக் கிழித்துவிடுவார்.

அப்படியானால் குழந்தைக்குச் சோறு போட்டால் இதயம் பிழைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா? நான் தேடியதில் கிடைத்த நல்ல ஒன்று ஹைதராபாத் பக்கத்தில் இருக்கிறது. 1987-90-ல் அங்கே சில கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சமைத்த சத்துணவு கொடுக்கப்பட்டது. பக்கத்துக் கிராமங்களுக்கு அப்போது இன்னும் திட்டம் வரவில்லை. மொத்தம் 29 கிராமங்கள். பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் 13-18 வயதில் இருந்தபோது சுமார் 1,100 பேரைப் பரிசோதித்தார்கள். சாப்பாடு கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரம் கூடுதல், ரத்தக்குழாய்களில் விறைப்பு குறைவு, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் வித்தியாசம் இல்லை. 2008-ல் வெளிவந்தது. பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் பதின்ம வயதிலேயே ரத்தக்குழாய் வித்தியாசம் காட்டுகிறது.

2021-ல் வந்த இன்னொரு ஆய்வு பள்ளி மதிய உணவைப் பற்றியது. சின்ன வயதில் பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்கள் பிற்பாடு பெற்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தோடு இருந்தார்களாம். அந்தப் பெண் கூடுதலாகப் படித்ததும், கொஞ்சம் தாமதமாகத் தாயானதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்கிறார்கள். ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் கணக்கில் வரவாகிறது.

சத்துணவு என்றால் நாம் பேசுவது ஓட்டு, பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை, முட்டை அழுகல், முறைகேடு. 1982-ல் இதை வெட்டிச் செலவு என்று சொன்ன படித்தவர்கள் ஏராளம். என் பார்வையில் இங்கே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு ஒரு துறையின் கணக்கில் அந்த வருடமே எழுதப்படுகிறது. அதனால் தவிர்க்கப்பட்ட மாரடைப்பு நாற்பது வருடம் கழித்து வேறொரு துறையின் கணக்கில், அதுவும் எழுதப்படாத வரியாக இருக்கிறது. 2009 முதல் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஏழைகளின் இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டுவதும் இதே அரசுதான். இரண்டு லெட்ஜரையும் ஒரே மேஜையில் வைத்து யாராவது பார்க்க வேண்டும். பாப்பாக்குறிச்சியில் 1982-ல் முதல் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது பக்கம் இருக்கும், மாரடைப்பு வருகிற வயது. அன்றைய பதிவேட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் என்பது இருக்கும். அரிசியைப் போட்ட தராசில் பிள்ளையையும் ஒருமுறை போட்டு எழுதியிருந்தால்!

சத்துணவுக்கு ஒரு குறையும் உண்டு. இரண்டு வயதில் தட்டை நீட்டுகிற குழந்தைக்குக் கணக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கரு உண்டான நாளிலிருந்து கிட்டத்தட்ட மூன்று வருடம் போய்விட்டது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேர்வதுதான் முக்கியம். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் வந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும் 2011-ல் 12,000 ஆகவும் உயர்ந்தது. கொடிகட்டிக் கூட்டம் போட்டுத் தொடங்கி வைக்கிற திட்டங்கள் இல்லை இவை. அதனால் பேச்சும் குறைவு.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் அம்மா மண்டபம் வரை நடை, ராத்திரி மாத்திரை. அப்பாயி சனிக்கிழமைகளில் கோயிலில் தன்வந்திரி சன்னதிக்குப் போய் வருகிறார். (அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் ஆரோக்கியசாலை நடந்ததற்கு 1493-ஆம் வருடக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை.) 1982 ஞாபகம் இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். இரண்டாம் வகுப்பில் இருந்தாராம். "சோறு சூடா இருந்துச்சு" என்றார். "அவ்வளவுதானா?" என்றேன். "வீட்டுல ராத்திரிதான் அடுப்பு எரியும். காலையில பழையது. மத்தியானத்துல சூடா சோறு திங்கலாம்னே அன்னிக்குத்தான் தெரியும்மா. தட்டு சுட்டுது, கீழ வைக்க மனசில்ல."

போன மாதம் அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் எடை 2.9 என்று எழுதியிருந்தார்கள். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"உங்கப்பன் எவ்வளவு இருந்திருப்பான்?"

"எழுதி வைக்கலையே அப்பாயி."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு, "ஒன்ற படி அரிசி கனம் இருந்தான்" என்றார்.

தெருமுனை மளிகைக்கடையில் பழைய படி ஒன்று இருக்கிறது. போய் ஒன்றரைப் படி அரிசியை அளந்து தராசில் போடச் சொன்னேன். இரண்டு கிலோவும் கொஞ்சமும்.